மண்ணெண்ணெய் விளக்கும் ஒரு போதகரும்: ஜான் ஸ்டாட் வாழ்க்கை ஒலிநூல்

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) போதகரும் எழுத்தாளருமான ஜான் ஸ்டாட்டின் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ் ஒலிநூல் ஒன்றை வாங்கி இரண்டு வாரங்களில் கேட்டு முடித்தேன். லண்டன் லாங்ஹாம் பிளேஸில் உள்ள ஆல் சோல்ஸ் ஆலயத்தில் 1945-இல் உதவிப் போதகராகச் சேர்ந்து, 1950 முதல் 1975 வரை அதன் தலைமைப் போதகராக இருந்து, அதன் பிறகும் அந்தச் சபையை விட்டு அகலாத ஒருவரின் கதையை ஒன்பது மணி நேரம் சொல்ல என்ன இருக்கப் போகிறது என்ற ஐயத்துடன்தான் தொடங்கினேன்.

முதல் இரண்டு மணி நேரம் அந்த ஐயத்தை வளர்க்கவே செய்தது. ரக்பி பள்ளி, அங்கே 1938-இல் எரிக் நாஷ் என்ற நற்செய்திப் பணியாளரின் பேச்சைக் கேட்டு அவர் மனந்திரும்பியது, கேம்பிரிட்ஜ் படிப்பு எல்லாம் சான்றிதழை வாசிப்பதுபோல வரிசையாகக் கடந்து போகின்றன. புகழ்பெற்ற மருத்துவரான தந்தை போர்க்காலத்தில் இராணுவ மருத்துவப் பணியில் இருக்க, மகனோ ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நின்றதால் அந்த வீட்டில் விழுந்த விரிசலை நூல் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. அங்கேதான் நின்று நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வேல்ஸின் பெம்புரோக்‌ஷைர் கடற்கரைக்குக் கதை நகர்ந்ததும் நூலுக்கு உயிர் வருகிறது. 1954-இல் ஸ்டாட் வாங்கிய ஹூக்ஸஸ் என்ற பழைய பண்ணை வீட்டில் நெடுங்காலம் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் உட்கார்ந்து கையால் எழுதுவார். 1956-இல் செயலாளராகச் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் உழைத்த பிரான்சிஸ் ஒயிட்ஹெட் அதைத் தட்டச்சு செய்வார். திருமணமே செய்துகொள்ளாத அந்த மனிதரின் நூல் வருமானம் ஏழை நாடுகளின் போதகர்களுக்குப் புத்தகம் அனுப்பச் செலவானதை நூல் ஆரவாரமின்றிச் சொல்கிறது. போன இடமெல்லாம் தொலைநோக்கியுடன் பறவை பார்த்த கதைகளை வாசிப்பாளர் புன்னகையோடு சொல்வது குரலிலேயே தெரிகிறது.

1966 அக்டோபரில் லண்டனின் இன்னொரு புகழ்பெற்ற போதகரான மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், பலவகைக் கொள்கையினரும் கலந்திருக்கும் திருச்சபைகளில் உள்ள சுவிசேஷப் பற்றாளர்கள் (வேதாகமத்தின் அதிகாரத்தை முதன்மையாகக் கொள்பவர்கள்) ஒன்றுசேர வேண்டும் என்று மேடையில் அழைப்பு விடுத்தபோது, கூட்டத் தலைவராக இருந்த ஸ்டாட் எழுந்து வெளிப்படையாக மறுத்தார். அந்த அரைமணி நேரப் பகுதி, இருதரப்பு நியாயத்தையும் பொறுமையாகச் சொல்வதால், நூலிலேயே சிறந்தது என்பேன். அதே பொறுமை, நரக தண்டனை முடிவில்லாததா என்பது குறித்து அவர் 1988-இல் எழுதிச் சர்ச்சைக்குள்ளான கருத்துக்குக் கிடைக்கவில்லை. அது ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. தாம் நேசிக்கும் மனிதருக்கு நூலாசிரியர் குடை பிடிக்கும் இடம் அது.

மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய குறை உண்டு. ஸ்டாட் வகித்த ‘ரெக்டர்’ என்ற தலைமைப் போதகர் பதவியை ஓரிடத்தில் போதகர், வேறிடத்தில் குரு, இன்னோரிடத்தில் ஆயர் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். சீர்திருத்தச் சபையாருக்கு ஆயர் என்றால் போதகர். கத்தோலிக்க வாசகருக்கோ அதே சொல் மறைமாவட்டத் தலைவரான பிஷப்பைக் குறிக்கும். கடைசிவரை பிஷப் பதவியில் அமராத ஒருவரை பிஷப் என்று எண்ணிக்கொள்ள இதைவிட எளிய வழி வேறில்லை. அத்தியாயப் பிரிவுகளும் இல்லாததால், உலகச் சுவிசேஷப் பற்றாளர்களின் கூட்டறிக்கையான 1974 லோசான் உடன்படிக்கை உருவான பகுதியை மறுமுறை கேட்பதற்கு ஓட்டப் பட்டையை முன்னும் பின்னுமாக இழுத்துத் தேட வேண்டியிருந்தது. பதிப்பகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை.

பின்னணி இசையும் பல இடங்களில் பேச்சை மூழ்கடிக்கிறது. ஆனால் கடைசிப் பகுதியில், 2011 ஜூலை 27 அன்று தொண்ணூறாவது வயதில் ஸ்டாட் மறையும் வேளையில், நண்பர்கள் அருகிலிருந்து இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தை வாசிக்க, இசையமைப்பாளர் ஹாண்டலின் இசை ஒலித்ததைச் சொல்லும்போது மட்டும் பின்னணி இசையை முற்றிலும் நிறுத்திவிட்டு வெறும் குரலை விட்டிருக்கிறார்கள்.