அடிபடும் சென்னை கண்ணகி நகர்ப் பெண்ணுக்கு எது: மகளிர் காவல் நிலையமா, இலவச சட்ட உதவியா?

வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், கணவர் அடித்து வீங்கிய கையைத் துப்பட்டாவில் மறைத்தபடி கேட்டார்: "எங்க போறது?"

செலவு: இரண்டிலும் கட்டணமில்லை, அலையும் நாளின் கூலிதான் போகும். சட்ட உதவிக்கு வருமானச் சான்றிதழும் வேண்டாம், 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண் என்றாலே போதும். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுக்கிறார்களே!

வேகம்: அடி விழும்போது காவல்துறைதான். ஆனால் பல நேரம் சமாதானம் பேசி, எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

நிலைப்பு: சட்ட உதவி வக்கீல் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணையும் ஜீவனாம்சமும் கேட்பார். வீடு கணவர் பேரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமை உண்டு. வழக்கு இழுக்கும், ஆனால் கையில் நீதிமன்ற ஆணை இருக்கும்.

உயிர் பயமா, அவசர உதவிக்கு 112-ஐ அழையுங்கள். வீடும் பிள்ளைகள் செலவும் வேண்டுமா, இலவச சட்ட உதவி எண் 15100. இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.