மெக்‌ஷேன் வேத வாசிப்பு அட்டவணை: குடும்ப ஜெபம் நடக்குற வீட்டுக்கு இதை தைரியமா சொல்லுவேன்

தினமும் வேதம் வாசிக்க ஒரு ஒழுங்கு வேணும்னு தேடுறவங்களுக்காக இதை எழுதுறேன். ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மரே மெக்‌ஷேன் போட்ட ஒரு வருஷ அட்டவணை இது, காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்ல, நெட்ல பிடிஎஃப் சும்மாவே கிடைக்குது, நிறைய பைபிள் ஆப்ல ரீடிங் பிளான்ல போய் இவர் பேரைத் தேடினாலும் வந்துடும். எங்க வீட்டுல இப்போ இதுதான் ஓடிட்டு இருக்கு, முன்னாடி வாக்குத்தத்த வசனம் ஒண்ணு, அதுக்குக் கீழ நாலு வரி தியானம்னு வாசிச்சுட்டு ஓடுற பழக்கம்தான் இருந்துச்சு, அதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

ஒரு நாளைக்கு நாலு அதிகாரம், நாலும் வேற வேற புஸ்தகம். ஜனவரி 1 அன்னைக்கு ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நாலுமே ஒரு தொடக்கம் பாருங்க, தேவன் உலகத்தைப் படைக்கிறார், இயேசு பிறக்கிறார், பாபிலோன் சிறையிருப்புல இருந்த ஜனங்க எருசலேம்ல ஆலயம் கட்டத் திரும்பி வர்றாங்க, சீஷங்க மேல்வீட்டுல காத்திருந்து ஜெபம் பண்றாங்க. டிசம்பர் 31 வரும்போது பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் ரெண்டு தடவை முடிஞ்சிருக்கும். கணக்கு போட்டா மொத்தம் 1,599 அதிகாரம், 365 நாளுக்குப் பிரிச்சா நாலுக்குக் கொஞ்சம் மேல வருது, அதனால சில நாள் சின்ன அதிகாரங்கள் ரெண்டு மூணு சேர்ந்து வரும், 119-ம் சங்கீதம் மாதிரி 176 வசனம் இருக்கிறதைத் துண்டு துண்டா பல நாளைக்குக் கொடுத்திருக்கார்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அவர் அதை ரெண்டு பத்தியா பிரிச்ச விதம். ரெண்டு அதிகாரம் குடும்பமா உக்காந்து வாசிக்க, மத்த ரெண்டு தனியா கதவைச் சாத்திட்டு வாசிக்க. அதாவது ஆதியாகமமும் மத்தேயுவும் குடும்ப ஜெபத்துக்கு, எஸ்றாவும் அப்போஸ்தலரும் தனி ஜெபத்துக்கு. குடும்ப ஜெபம் பண்ணிட்டோம், அது போதும்னு தனி ஜெபத்தை விட்டுடுறதும், தனியா தியானம் பண்ணிட்டேன்னு சொல்லி வீட்டாரோட உக்காராம இருக்கிறதும் நம்ம வீடுகள்ல நடக்குறதுதான். இந்த அட்டவணை ரெண்டுக்கும் தனித்தனியா இடம் போட்டுக் கொடுத்துடுது, ஒண்ணைக் காட்டி இன்னொண்ணுல இருந்து தப்பிக்க முடியாது.

குடும்பத் தலைவர் அன்னைக்கு உள்ள அதிகாரத்தை முன்கூட்டியே வாசிச்சு, முக்கியமான ரெண்டு மூணு வசனத்தைக் குறிச்சு வச்சு, அதை வச்சு சில எளிய கேள்விகள் கேக்கணும்னு மெக்‌ஷேன் எழுதியிருக்கார். இதை மட்டும் தயவுசெஞ்சு செஞ்சு பாருங்க. என் வீட்டுக்காரர் சாயங்காலம் டீ குடிக்கும்போதே வாசிச்சு பென்சில்ல ஓரத்துல கோடு போட்டு வச்சிடுவார். ஆபிரகாம் தன் மகனைப் பலி கொடுக்கக் கூட்டிட்டுப் போற ஆதியாகமம் 22 வந்த அன்னைக்கு, தகன பலிக்கான கட்டைகளை யார் தூக்கிட்டு மலை ஏறினதுன்னு பசங்ககிட்ட கேட்டார். ஈசாக்குன்னு சின்னவன் கரெக்டா சொல்லிட்டு, "அவ்ளோ கட்டை தூக்குறவன்னா பெரிய பையன்தானே, அப்போ ஏன் ஓடல?"ன்னு திருப்பிக் கேட்டுட்டான். பெரிய எழுத்து பைபிளை மடியில வச்சிட்டு உக்காந்திருந்த அத்தைதான் பதில் சொன்னாங்க, "அவனும் தன்னை ஒப்புக்கொடுத்துட்டான் மக்ளே, அப்பாவை அவ்வளவு நம்பினான்." ஜெபக் கூட்டத்துல கையைத் தூக்கித் தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறதை எத்தனையோ தடவை பாத்திருக்கோம், ஆனா வீட்டுல பாய் விரிச்சு உக்காந்து ஒரு பிள்ளைக்கு அது விளங்குறதைப் பாக்குறது பெரிய ஆசீர்வாதம். வெறும் வசன அட்டையில இந்தக் கேள்வி வந்திருக்காது, அதிகாரம் முழுசா வாசிச்சதாலதான் கட்டையும் மலையும் அவன் கண்ணுல பட்டுச்சு.

இதைப் போட்டவரைப் பத்தியும் சொல்லணும். மெக்‌ஷேன் 1813-ல எடின்பரோவுல பிறந்தவர், 1836-ல இருந்து ஸ்காட்லாந்துல டண்டி ஊர்ல செயின்ட் பீட்டர்ஸ் சபைக்குப் போதகர். 1842-ல தன்னோட சபையாருக்காகத்தான் இதைத் தயார் பண்ணினார், மந்தை எந்த இடத்துல மேயுதுன்னு மேய்ப்பனுக்குத் தெரியும்ங்கிறது அவர் சொன்ன நன்மைகள்ல ஒண்ணு. அடுத்த வருஷம் மார்ச் 25-ம் தேதி டைஃபஸ் காய்ச்சல்ல இறந்துட்டார், முப்பது வயசு கூட ஆகல. 1839-ல உடம்பு சரியில்லாம இருந்தப்போ பாலஸ்தீனாவுக்கு ஒரு குழுவோட போனார், அவர் இல்லாத நேரத்துல வில்லியம் பர்ன்ஸ்ங்கிற வாலிப ஊழியர் பிரசங்கம் பண்ணும்போது டண்டி சபையில பெரிய எழுப்புதல் (நிறைய பேர் ஒண்ணா மனந்திரும்புறது) வந்துச்சு. தன் சபையில இன்னொருத்தர் மூலமா நடந்துச்சேன்னு பொறாமைப்படாம திரும்பி வந்து சந்தோஷப்பட்டார் பாருங்க, அவர் வாழ்க்கையில என்னைத் தொட்டது அதுதான். அந்த பர்ன்ஸ் பிறகு 1847-ல சீனாவுக்கு மிஷனரியா போய் அங்கேயே ஊழியம் செஞ்சு மரிச்சார்.

இப்போ கஷ்டமான பக்கம். புதுசா ஆண்டவரை ஏத்துக்கிட்டவங்களுக்கு நாலும் சேர்த்து கொடுக்காதீங்க, ஒரே நாள்ல நாலு கதை ஓடும்போது எது எங்க விட்டோம்னே நிக்காது. ரெண்டாவது நாளே எஸ்றா 2 வந்துடும், முழுக்க பேர் பட்டியல், பாரோஷின் புத்திரர் 2,172 பேர்னு ஆரம்பிச்சு போயிட்டே இருக்கும், அதுலயே சிலபேர் நின்னுடுவாங்க. அவங்க குடும்பப் பத்தியை இந்த வருஷம், தனிப் பத்தியை அடுத்த வருஷம்னு எடுத்துக்கிட்டா ஒரு நாளைக்கு ரெண்டு அதிகாரம்தான், தாராளமா முடியும். இன்னொண்ணு, ஆப்ல பாக்கும்போது பெரும்பாலும் நாலையும் ஒரே லிஸ்ட்டா போட்டுடுறாங்க, குடும்பம், தனின்னு பிரிவே தெரியாது, இதோட உயிரே அந்தப் பிரிவுதான், முதல் ரெண்டு குடும்பத்துக்கு, அடுத்த ரெண்டு தனிக்குன்னு நாமளே ஞாபகம் வச்சுக்கணும். அப்புறம் தொடர்ச்சியா எத்தனை நாள் வாசிச்சீங்கன்னு காட்டுற அந்த நம்பர். அதை நான் ஆஃப் பண்ண வழி இருந்தா ஆஃப் பண்ணச் சொல்லுவேன், நம்பர் விட்டுடக் கூடாதுன்னு ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணு சொக்க டிக் அடிக்கிறது தியானம் ஆகாது.

ஆச்சரியம் என்னன்னா இதை மெக்‌ஷேனே எச்சரிச்சிருக்கார். சடங்கா மாறிடலாம், அன்னைக்குப் பங்கை முடிச்சிட்டோம்னு சுயநீதி வந்துடலாம், அலட்சியமா வாசிக்கலாம், சிலருக்கு தூக்க முடியாத நுகமா ஆயிடலாம்னு நாலு ஆபத்தை அட்டவணையோடவே எழுதி வச்சிருக்கார். தான் கொடுக்குற பொருள்ல என்ன ஆபத்துன்னு முதல்லயே சொல்ற ஆளை நம்பலாம். காலையில முதல்ல கேக்குற சத்தம் தேவனோட சத்தமா இருக்கட்டும், ரெண்டு மூணு வசனத்தை எடுத்து வரி வரியா ஜெபமா மாத்துங்கன்னும் சொல்றார், நான் காலையில அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடி தனிப் பத்தியை அப்படித்தான் வாசிக்கிறேன், நாலு அதிகாரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய அரை மணி நேரம்தான், அது காலை மாலைன்னு பிரிஞ்சு போறதால பாரமாத் தெரியல.

ஆரம்பிக்கணும்னா டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் சர்வீஸ் முடியுற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்குத் தேதிக்கு என்ன போட்டிருக்கோ அங்க இருந்து தொடங்கிடுங்க, நடுவுல நாள் விட்டுப் போச்சுன்னா பழசை இழுத்துட்டு ஓடாம அன்னைக்குள்ளதை வாசிங்க. போன் கையில எடுத்தா வாட்ஸ்ஆப் பக்கம் போயிடுவேன்னு பயப்படுறவங்க பிரிண்ட் எடுத்து பைபிளுக்குள்ள வச்சுக்கோங்க. எனக்குக் கிடைச்ச தமிழ் பிரிண்ட் எழுத்து ரொம்பப் பொடிசு, அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியல, குடும்பம், தனின்னு ரெண்டு பத்தியா பெரிய எழுத்துல அச்சடிச்ச அட்டை யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, எங்க சபையில பெண்கள் ஐக்கியத்துக்கும் சேர்த்து வாங்கிக்கிறோம்.