குவாரி ஓரத்துக் கிணறுகள்: மழையையும் நீர்மட்டத்தையும் கையால் அளப்பதா, கருவியிடம் விடுவதா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்க வேலை நடக்கும். அங்கே நீரைத் தாங்குவது பரந்து கிடக்கும் மணற்படுகை என்பதால், ஒரு நோக்குக் கிணற்றின் (நீர்மட்டத்தை அளப்பதற்கென்று வைத்த கிணறு) மட்டம் சுற்றுவட்டாரத்தின் நிலையையும் ஓரளவு சொல்லிவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளின் நிலை வேறு. பர்கூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலுமே; ஒரு கிணறு வற்றிக் கிடக்க, பக்கத்து வயல் கிணற்றில் தண்ணீர் நிற்பது இங்கே புதிதன்று. ஆகவே குவாரி நீரை இறைப்பதால் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டம் இறங்குகிறதா என்று அறியக் கருவியைத் தேர்வதிலும் நாம் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

மழையைப் பொறுத்தவரை என் முடிவு எளிது. காலை 8.30 மணிக்கு ஒருவர் அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்க்கும் சாதாரண மழைமானியே போதும். சிறு வாளி நிறைந்து கவிழ்வதை எண்ணிப் பதியும் தானியங்கி மழைமானி மணிவாரிக் கணக்கைத் தரும் என்பது உண்மை. ஆனால் கல்தூசி அதன் புனலை அடைக்கும், கொட்டும் மழையில் அது அளவைக் குறைத்தும் காட்டும். எதை வாங்கினாலும் குவாரியிலேயே நிறுத்த வேண்டும். கோடை இடிமழை ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரை விட்டுவிடும் என்பதால், வட்டத் தலைநகரின் அளவை இரவல் வாங்கிப் பயனில்லை.

நீர்மட்டத்தில் கதை மாறுகிறது. சிதைந்த பாறையின் கன அளவில் நீர் தங்கி வடியும் இடம் 1.5 விழுக்காடு என்று கொண்டால், 10 மி.மீ. நீர் உள்ளே இறங்கினாலே மட்டம் ஏறத்தாழ 67 செ.மீ. உயரும்; அதே அளவு நீரை இறைத்தால் அவ்வளவும் இறங்கும். இப்படித் துள்ளும் மட்டத்தை மாதம் ஒருமுறை அளவுநாடா விட்டுப் பார்ப்பது போதாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கும் அளவு மாவட்டத்தின் போக்கை அறிய உதவுமே தவிர, குவாரிக்கும் ஒரு விவசாயியின் கிணற்றுக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க உதவாது. குவாரி மோட்டார் ஓடத் தொடங்கியதும் கிணற்றின் மட்டம் இறங்குகிறதா, நிறுத்தியதும் ஏறுகிறதா என்பதை நீருக்குள் தொங்கி, மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தைக் கொண்டு மட்டத்தை மணிக்கொரு முறை பதியும் அழுத்த உணரிதான் காட்டும்.

ஆனால் உணரியைத் தொங்கவிட்டு மறந்துவிடக் கூடாது. மூடிய வகை உணரி காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் கணக்கு ஒரு சென்டிமீட்டர் பிசகும் என்பதால், அதைக் கழிக்க மேலே இன்னோர் உணரி வேண்டும். கம்பி நழுவினாலும் பிழை நேரும். ஆகவே மாதந்தோறும் நாடாவால் சரிபார்த்தே ஆக வேண்டும். பாசனத்துக்கு இறைக்கும் கிணற்றில் வைத்தால் அது அந்த விவசாயியின் மோட்டாரைத்தான் பதியும். எனவே கைவிட்ட போர்வெல் ஒன்றையும் புழங்காத திறந்த கிணறு ஒன்றையும் தேர்வது நல்லது. வெடிப்பு நீரும் மேல்மட்ட நீரும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

குவாரிக் குழியே ஒரு பெரிய கிணறு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழைமானி தொடர்ந்து சுழியம் காட்டும் நாள்களில் குழியில் சேரும் தண்ணீர் பெரும்பாலும் சுற்றுநிலத்திலிருந்து கசிந்ததே. மோட்டார் ஓடிய நேரத்தை அது மணிக்கு வெளியேற்றும் அளவால் பெருக்கி, குழியில் எஞ்சிய நீரின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால், கசிவின் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். இந்தக் கணக்குக்கு மழை பெய்யாத நாள்கள் எவை என்று தெரிந்தால் போதும்; சாதாரண மழைமானியே போதும் என்று நான் சொன்னதற்கு முதன்மையான காரணம் இதுதான். மிச்சப்படும் பணத்தில் இரண்டாவது நோக்குக் கிணற்றுக்கும் உணரி வாங்கலாம்.

மழையையும் கிணற்று மட்டத்தையும், குவாரிக் குழி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடுவதற்கு முன்பே, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடங்கிய ஒரு முழு ஆண்டுக்காவது பதிந்திருக்க வேண்டும்.