பித்தளையில் புள்ளி குத்த வாங்கிய கார்பைடு ஊசி

பேனா மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் டங்ஸ்டன் கார்பைடு முனை ஸ்கிரைபர், மாற்று முனை ஒன்றோடு ஆன்லைனில் 240 ரூபாய். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பட்டறையில் இரும்பில் கோடு கிழிக்கத்தான் இதைச் செய்கிறார்கள். நான் வாங்கியது பித்தளைத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குத்திப் படம் கொண்டுவர. இத்தாலியில் கார்டோனே வால் டிரோம்பியா பக்கம் துப்பாக்கித் தகடுகளில் ‘புலினோ’ என்று கையாலேயே செய்கிறார்களே, புகைப்படம் போல நிழல் விழுமே, அந்த ஆசைதான்.

வந்தபடியே வைத்துக்கொண்டு குத்த முடியாது. முனை நீண்டு கூராக இருக்கிறது, கோட்டுக்கு அது சரி, ஆனால் நிமிர்த்தி வைத்து அழுத்தும்போது கை லேசாகச் சாய்ந்தாலே நுனி பொடிந்துவிடுகிறது. கார்பைடு கடினம்தான், உடைவதும் கண்ணாடி மாதிரிதான். முதல் முனை அரை மணி நேரம் தாங்கவில்லை. விற்றவருக்கு எழுதினேன், பதிலே இல்லை.

சரி என்று மாற்று முனையை டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, நனைத்த டைமண்ட் கல்லில் பிடித்து, நுனிக் கோணம் 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரும்படி தீட்டினேன் (வீட்டில் கத்தி தீட்டும் கல்லை முயன்றால் கல்தான் தேயும்). அப்புறம் அது வேறு கருவி. இரண்டு மாதமாக அதே முனைதான், பித்தளையில் இன்னும் மழுங்கவில்லை.

தகட்டில் சைனீஸ் ஒயிட் என்ற வெள்ளை வாட்டர் கலரை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் பென்சிலால் வரைந்துகொள்கிறேன். 10 மடங்கு லென்ஸ் இல்லாமல் உட்காரவே வேண்டாம். ஊசியை இழுக்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் புள்ளி ஆழமாவதோடு அகலமும் ஆகிவிடும், அதனால் இருட்டு வேண்டிய இடத்தில் பலமாகக் குத்துவதைவிட நெருக்கமாகக் குத்துவது நல்லது. முதல் சுற்றில் எல்லா இடத்திலும் புள்ளிகளைச் சிதறலாகப் போட்டுவிட்டு, அடுத்தடுத்த சுற்றுகளில் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். வரிசையாகப் போனால் நிழலுக்குப் பதில் கோடுகள் தெரியும். பாத்திரக்கடையில் பேர் வெட்டும் மெஷினும் புள்ளிதான் போடுகிறது, ஆனால் எல்லாம் ஒரே அளவு, அதில் எழுத்து வரும், முகம் வராது. 0.2 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 2,500 புள்ளி. தபால்தலை அளவு யானைத் தலைக்கு எனக்கு மூன்று வாரம் போனது.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் எழும் பிசிறை 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு, கறுப்பு ஆயில் பெயிண்டைப் பூசித் துடைத்தால்தான் படம் எழுந்து வரும்.

கைப்பிடி ரொம்ப ஒல்லி, பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.

5க்கு 3 தருவேன். வாங்குவதானால் டைமண்ட் கல்லையும் சேர்த்து வாங்குங்கள், அது ஊசியைவிட விலை அதிகம்.