பெட்டியில் 4கே, உள்ளே இல்லை: பயணத்துக்குக் கேமரா வாங்குவோர் கவனத்துக்கு

ஐரோப்பாவில் ஆறு வாரம் சுற்றிவிட்டு வந்த ஒரு குடும்பத்தின் கேமரா சர்வீஸுக்கு வந்தது. ஆன்லைனில் எட்டாயிரத்துச் சொச்சம். விமானம் ஏற நான்கு நாள் இருக்கும்போது வாங்கியிருக்கிறார்கள். மெமரி கார்டில் முதல் சில நாள் வீடியோ மட்டும் ஓடுகிறது. மற்றதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, அளவு காட்டுகிறது, திறந்தால் ஓடவில்லை. திருப்பிக் கொடுக்க 7 நாள் கெடு. அவர்கள் ஊரில் இல்லாதபோதே அது முடிந்துவிட்டது.

இதில் கேமராவும் மோசடி, கூட வந்த 'இலவச' கார்டும் மோசடி.

முதலில் கேமரா. மேலே '4கே, 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்' என்று அச்சிட்டிருக்கிறது. முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு லென்ஸ் ஹூட். அதைத் திருகிக் கழற்றினால் நடுவில் பட்டாணி அளவில் ஒரு சின்ன லென்ஸ். சுற்றியிருப்பது வெறும் பிளாஸ்டிக் வளையம். உண்மையான ஜூம் லென்ஸில் குவிய நீளம் (மி.மீ. கணக்கு) இரண்டு எண்களாக, நடுவில் ஒரு கோடுடன் அச்சாகியிருக்கும். இதில் ஒரே எண். அப்படியென்றால் லென்ஸே நெருக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம் கிடையாது. 16எக்ஸ் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். ஃபோகஸும் நிலையானது. ஒரு மீட்டருக்குள் கொண்டுபோனால் குழந்தையின் முகம்கூட மங்கிவிடும்.

4கே படத்துக்கு 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல் வேண்டும். ஃபுல் எச்டிக்கு (மெனுவில் 1080 என்று இருக்கும்) சுமார் 21 லட்சம் போதும். இந்த மலிவுக் கேமராக்கள் எச்டி அளவில் எடுத்ததை உள்ளேயே இழுத்துப் பெரிதாக்கி 4கே கோப்பாகச் சேமிக்கின்றன. அதனால் கணினியில் கோப்பின் பிக்சல் அளவைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அது 3840 என்றுதான் காட்டும். தினசரியின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, 4கேயில் ஒரு தடவை, 1080இல் ஒரு தடவை எடுங்கள். இரண்டையும் நிறுத்திவைத்து, எழுத்துகள் ஒரே அளவில் தெரியும்படி பெரிதாக்குங்கள். 4கேயில் படிக்க முடிகிற வரி 1080இல் கலங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி கலங்கியிருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது கார்டு. கணினி 128 ஜிபி என்று காட்டியது. உள்ளே இருந்தது 16 ஜிபி. போலிக் கார்டின் கன்ட்ரோலர் சிப்பில் பொய்யான கொள்ளளவை எழுதிவைத்திருப்பார்கள். நிஜமான இடம் நிரம்பிய பிறகு கேமரா எந்த எச்சரிக்கையும் காட்டாது, பதிவு செய்துகொண்டே போகும். அதனால் ஊர் திரும்பும்வரை தெரியாது. இலவச கார்டோ, விலைக்கு வாங்கியதோ, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலோ மேக்கிலோ எஃப்3 (F3) என்ற இலவச நிரலைப் போட்டு முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். 128 ஜிபிக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இதைச் செய்யாமல் கார்டைப் பையில் வைக்கவே வைக்காதீர்கள். கார்டில் வி30 அல்லது யூ3 என்ற குறி பாருங்கள்; நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் நிஜ 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும்.

பேட்டரியை 4கேயில் ஓடவிட்டு எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உபரி பேட்டரிகள் செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான்.

'சிங்கப்பூரில், ஜப்பானில் வாங்கிக்கொள்ளலாம்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான பல மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும். மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நொடிக்கு 50 படம், 60 படம் என்ற இரண்டு பிரேம் முறைகளில் ஒன்றை மட்டுமே தரும் கேமராக்களும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மாடலில், மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடிக்கு வைத்தால் சரியாகும், ஷட்டரை மாற்றவே வழியில்லாத மாடலாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாரன்ட்டி எந்த நாட்டில் செல்லும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பத்தாயிரத்துக்குள்தான் முடியும் என்றால், எங்கள் கணிப்பில், பெயருள்ள கம்பெனியின் பழைய ஃபுல் எச்டி கேம்கார்டர் இந்தப் போலி 4கேயைவிடப் பல மடங்கு மேல். அதுவும் கிடைக்காவிட்டால் கையிலிருக்கும் நல்ல போன், ஒரு சின்ன ஸ்டாண்ட், ஒரு பவர் பேங்க் போதும்.

எதை வாங்கினாலும் கிளம்ப நான்கு வாரம் இருக்கும்போதே வாங்குங்கள். பெட்டி பிரிப்பதை ஒட்டு வெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் அதில் தெரியட்டும். திருப்பக் கேட்டால் விற்றவர் 'சாஃப்ட்வேர் அப்டேட் போடுங்கள்', 'வேறு கார்டு அனுப்புகிறோம்' என்று நாளைக் கடத்துவார், கெடு முடியட்டும் என்பதுதான் கணக்கு. பதில் வருகிறதோ இல்லையோ, கெடுவுக்குள் ரிட்டர்ன் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள். மறுத்தால் செய்தித்தாள் படங்கள் இரண்டு, கார்டு சோதனையின் ஸ்கிரீன்ஷாட், பில் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கியிலும் ஆட்சேபம் பதியுங்கள்.