ஸ்டிக்கர் அட்டையா, வீடியோவா, கூட நின்று பழக்குவதா?

மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. கை கழுவுவது, சாலையோரம் கைபிடித்து நிற்பது, குப்பையைப் பிரித்துப் போடுவது, குழாயை மூடுவது எல்லாவற்றையும் இந்த வயதிலேயே பழக்கிவிட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப் பழக்குவது என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பாட்டும் பொம்மைப் படமுமாக வரும் வீடியோக்கள் ஒரு வழி. செய்ததற்கெல்லாம் நட்சத்திரம் ஒட்டும் ஸ்டிக்கர் அட்டை இன்னொன்று. பிள்ளையோடு நாமும் நின்று, தினமும் அதே நேரத்தில் அதே மாதிரி செய்து பழக்குவது மூன்றாவது. மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாவதையே பிடித்துக்கொண்டோம். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நமக்கும் வேலை மிச்சம். ஆனால் பாட்டு முழுவதும் மனப்பாடம் ஆன பிறகும் கை சோப்பைத் தேடிப் போவதில்லை. இரண்டரை வயது வரையிலான குழந்தைகள் திரையில் பார்த்ததைவிட நேரில் ஒருவர் செய்துகாட்டியதையே நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2 முதல் 4 வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. அந்த ஒரு மணி நேரத்தில் பாடம் வேறு நடத்த வேண்டுமா என்று தோன்றியது. வீட்டில் செய்துகாட்ட முடியாத விஷயங்களுக்கு மட்டும் வீடியோ நல்லது. புகை சூழ்ந்தால் ஏன் குனிந்து தவழ்ந்து வெளியே வர வேண்டும் என்பதைப் படமாகக் காட்டினால்தான் பிள்ளைக்குப் புரிகிறது.

ஸ்டிக்கர் அட்டை அப்படி ஒதுக்கிவிடக்கூடியது இல்லை. முதல் வாரம் வீடே மாறிவிடும். சொல்வதற்கு முன்பே ஓடிப்போய்ப் பல் துலக்குவார்கள். அப்புறம்தான் சிக்கல் வருகிறது. அட்டையை யாராவது தினமும் கவனிக்க வேண்டும். ஒரு நாள் ஒட்ட மறந்தால் அழுகை. இருவருக்கும் சமமாக ஒட்டாவிட்டால் சண்டை. கொஞ்ச நாளில் ஒரு நட்சத்திரம் போதாமல் இரண்டு கேட்பார்கள். விருந்துக்கோ பயணத்துக்கோ போன இடத்தில் அட்டை இருக்காது, அங்கே கை கழுவுவதும் இருக்காது.

இதைப் பற்றிப் பேசும்போது 1973-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வண்ணப் பேனாவில் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். பரிசெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆனால் இதை அப்படியே கை கழுவுவதற்குப் பொருத்தக் கூடாது. அந்தக் குழந்தைகளுக்கு வரைவது முதலிலேயே பிடித்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்ப்பதில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஓர் ஆசை கிடையாது. ஆகவே, பிடிக்காத ஒரு வேலையைத் தொடங்கி வைக்க ஸ்டிக்கர் உதவும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பல் துலக்க முரண்டு பிடிக்கும் பிள்ளை என்றால் சில வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பழக்கத்துக்கு மட்டும், எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொண்டு.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கேள்விதான். மூன்று மாதம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால், பழக்கம் நிலைத்திருக்குமா? ஆரம்பத்தில் எது சுலபம் என்று பார்த்து முடிவு செய்பவர்கள் வீடியோவுக்கோ அட்டைக்கோ போய்விடுவார்கள். வீடியோவுக்கு நம் உழைப்பு எதுவும் வேண்டாம், அதேபோலப் பலனும் கைக்கு இறங்குவதில்லை. அட்டைக்கு உழைப்பு தினமும் கொஞ்சம், ஆனால் அதற்கு முடிவே கிடையாது. கூட நின்று பழக்குவதில் முதல் சில வாரங்கள் முதுகு ஒடிந்துவிடும். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அது பெரியவர்களை வைத்துச் செய்தது, பிள்ளைகளுக்கு அதே எண் என்று சொல்லிவிட முடியாது. எனக்கு அதில் பயன்பட்டது வேறொரு விஷயம்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பு இல்லை. அட்டையில் விட்டுப்போன கட்டம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். இங்கே மறுநாள் தொடர்ந்தால் சரி.

கூட நிற்பது என்றால் பக்கத்தில் நின்று ‘கழுவு, கழுவு’ என்று சொல்லிக்கொண்டிருப்பது இல்லை. நாமும் கழுவ வேண்டும். அதற்கு முன் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். தொட்டியருகே உயரத்துக்கு ஒரு முக்காலி, சின்னக் கைக்கு எட்டும் இடத்தில் சோப்பு, தலைக்கு மேல் இல்லாமல் தோள் உயரத்தில் துண்டு. இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை சொன்னாலும் ஏறாது. அப்புறம், ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும்: வெளியே போய்வந்து செருப்பைக் கழற்றியதும், கழிப்பறையிலிருந்து வந்ததும், சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்கு முன்பும். கையை நனைத்துவிட்டுக் குழாயை மூடு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நக நுனி என்று 20 வினாடியாவது தேய், அப்புறம் குழாயைத் திற. கட்டைவிரலும் நக நுனியும்தான் பெரியவர்களே கோட்டைவிடும் இடங்கள். தேய்க்கும்போது குழாயை மூடுவது சேர்ந்தே வருவதால் தண்ணீர்ச் சிக்கனத்துக்குத் தனி வகுப்பு வேண்டாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஊற்றும் குழாயைப் பல் துலக்கும் 2 நிமிடமும் திறந்து வைத்தால் 12 லிட்டர் போகும். அடியில் ஒரு வாளியை வைத்துப் பிடித்துக் காட்டினோம். வாளி நிறைந்துகொண்டே வருவதைப் பார்த்த மகள், தானே எட்டிக் குழாயை மூடினாள்.

எதற்குச் செய்கிறோம் என்பதையும் கண்ணில் காட்டலாம். கையில் துளி எண்ணெய் தடவி மினுமினுப்புத் தூளைத் தூவிவிட்டு விளையாட விட்டால், கதவுக் கைப்பிடி, பொம்மை, தம்பி மூக்கு என எங்கும் மினுங்கும். வெறும் தண்ணீரில் சரியாகப் போகாது, சோப்புப் போட்டால் போகும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றிக்கொள்வதால் அழுக்கு பெயர்ந்து வருகிறது. மூன்று வயதுக்கு அந்த விளக்கம் வேண்டாம், மினுமினுப்பே போதும். முடிந்ததும் அந்தத் தூளைத் தொட்டியில் கழுவிவிடாமல் முதலில் காகிதத்தில் துடைத்தெடுங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்.

பாதுகாப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மூன்று வழிகளில் எதுவுமே பூட்டுக்கு ஈடாகாது. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். மருந்து, துப்புரவுத் திரவங்கள், நீர் நிறைந்த வாளி இவற்றையெல்லாம் ‘தொடாதே’ என்று பழக்கிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. எட்டாத இடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும், வாளியைக் கவிழ்க்க வேண்டும். சாலை கொஞ்சம் வேறு. அங்கே பழக்கம் உதவுகிறது: ஓரத்துக்கு வந்ததும் நிற்பது, கை பிடிப்பது, இரு பக்கமும் பார்ப்பது. அவசரம் என்று நாம் ஒரு முறை பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினால் அதையும் கற்றுக்கொள்வார்கள். எவ்வளவு நன்றாகப் பழகினாலும் வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்க இந்த வயதில் வராது, கையை விடவே கூடாது.

குப்பை பிரிப்பதில் எங்களுக்கு அனுபவம் குறைவு, இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் பழத்தோலையும் பிளாஸ்டிக் உறையையும் ஒரே தொட்டி மண்ணில் புதைத்து, சில வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தார்கள். தோல் மண்ணோடு மண்ணாகிப்போயிருந்தது, உறை அப்படியே இருந்தது. அதன் பிறகு தோலுக்குத் தனிக் கூடை என்பதில் மகளுக்குச் சந்தேகமே வரவில்லை. மகன் இன்னும் எல்லாவற்றையும் கைக்கு எட்டிய கூடையில்தான் போடுகிறான். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதெல்லாம் எடுபடுமா என்பதை அந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். தண்ணீரோ நுரையோ பட்டாலே கூசும் பிள்ளைகளுக்கு எங்கள் முறை கடினமாக இருக்கலாம்.

தொடங்குவதென்றால் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதிலிருந்து தொடங்குங்கள். தாத்தா பாட்டி உட்பட வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் கூட வந்து கழுவ வேண்டும். சொல்லாமலே பிள்ளை முக்காலியை இழுத்துப் போடும் வரை அடுத்த பழக்கத்துக்குப் போக வேண்டாம்.