82.5 சதவீதம் என்று எழுதிக்கொடுத்தார்கள், இருந்தது 57.1: ரேங்க் பார்த்துப் பணம் கட்டுமுன்

யுஎஸ் நியூஸ் நிறுவனம் வெளியிடும் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து இளநிலைப் படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் தேடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. பட்டியலுக்கான எண்களில் பலவற்றைப் பல்கலைக்கழகங்களே நிரப்பி அனுப்புகின்றன. யாரும் வகுப்பறைக்குப் போய்த் தலை எண்ணுவதில்லை.

2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பட்டியலில் 2ஆம் இடம். 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். அங்கேயே கணிதப் பேராசிரியரான மைக்கேல் தாடியஸ், பல்கலையின் ஆன்லைன் வகுப்பு அட்டவணையை வைத்தே எண்ணிப் பார்த்தார். 63 முதல் 67 சதவீதம்தான் தேறியது. 2022 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். செப்டம்பரில் பல்கலையே திருத்தித் தந்த எண் இன்னும் மோசம்: 57.1. ரேங்க் 18க்குப் போனது. மாணவர்கள் போட்ட வழக்கு 2025இல் 90 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. பல்லாயிரம் பேருக்குப் பிரித்தால் தலைக்குச் சில நூறு டாலர்.

எண் நேர்மையாகவே இருந்தாலும் ஏமாற வழி உண்டு. 10 பேர் உட்காரும் வகுப்பு பதினைந்து, 300 பேர் உட்காரும் வகுப்பு ஒன்று என்று வையுங்கள். ‘சிறு வகுப்புகள் 94 சதவீதம்’ என்று விளம்பரம் செய்யலாம், பொய்யில்லை. ஆனால் மொத்த 450 இருக்கையில் 300 அந்தப் பெரிய ஹாலில்தான். முதலாண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

அதனால், பல்கலையின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ (பல்கலைக்கழகங்கள் தங்கள் எண்களை ஒரே மாதிரிப் படிவத்தில் தரும் கோப்பு) என்று சேர்த்துத் தேடி அந்தக் கோப்பை எடுங்கள். வகுப்பு அளவைக் காட்டும் ஐ-3 அட்டவணையில் மேல் வரிசை மட்டும் போதும். கீழ் வரிசை லேப், டிஸ்கஷன் பிரிவுகள், அதைச் சேர்த்தால் கணக்கு உண்மையைவிட அழகாகத் தெரியும். 2–9, 10–19 கட்டங்களைக் கூட்டி மொத்தத்தால் வகுங்கள். பிறகு 50–99, 100க்கு மேல் கட்டங்களைப் பாருங்கள்.

நம்மவர்களுக்கு அதைவிட முக்கியம் அதே கோப்பின் ஹெச்-6 பகுதி. வெளிநாட்டு இளநிலை மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுத்தது, சராசரி எவ்வளவு என்று அதில் இருக்கும். பி-2இல் உள்ள வெளிநாட்டு இளநிலை மாணவர் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். நூற்றில் ஐந்து பேருக்குத்தான் என்றால், ‘அட்மிஷன் கிடைத்தபின் ஸ்காலர்ஷிப் பேசிக்கொள்ளலாம்’ என்று கன்சல்டன்ட் சொல்வதை நம்பி எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். அது கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்ற உறுதிமொழி; மற்ற கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பே இருக்காது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில இடங்களில்தான் வெளிநாட்டவரின் பண வசதியைப் பார்க்காமல் இடம் தருகிறார்கள்.

கோப்பு கிடைக்கவில்லையா? அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், தரவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2022க்கு முன் கொலம்பியா இந்தக் கோப்பைப் பொதுவில் வைத்ததில்லை.